உஸ் அக்கா காவலிருந்த வீடு

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மாட்டு மணியையே வாயடைக்க வைத்தவர் ஒருவர்தான்: உஸ் அக்கா. பிள்ளை பெற்ற வீடுகளில் தங்கித் தாயையும் சேயையும் பார்த்துக்கொள்வது அவர் தொழில். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. உதட்டில் விரல் வைத்து "உஸ்!" என்றால் சிராங்கூன் சாலையே குரலைத் தணிக்கும்.

அப்போது நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. மனைவி பார்வதிக்குத் தலைப்பிரசவம். அவளைப் பெற்றவர்களோ கடலுக்கு அந்தப் பக்கம், நாகப்பட்டினத்தில். பிரசவம் நல்லபடியாக முடிந்தும் அவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. சும்மா சும்மா அழுதாள். 

துணைக்கு ஆள் தேடியபோது இருவர் வந்தார்கள். முதலில் வந்த அம்மாள் மருந்து மூட்டையை அவிழ்த்து வைத்து, தான் பார்த்த பெரிய வீடுகளின் பெருமையை வெற்றிலை தீரும்வரை சொன்னார். எனக்கு அவரைத்தான் பிடித்தது. அடுத்து வந்த உஸ் அக்கா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய், "தூங்குனியாம்மா?" என்று கேட்டார். வந்தவர்களெல்லாம் குழந்தையைத்தான் விசாரித்திருந்தார்கள். பார்வதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்களே இருக்கட்டுங்க."

அன்றே வீட்டில் ஆட்சி மாறியது. பால்காரர் ஓட்டிவந்த மாட்டின் மணிக்குள் கந்தல் துணி ஏறியது.

"மாடு என்னக்கா பாவம் பண்ணுச்சு?" என்றார் பால்காரர்.

"மாட்ட யாருப்பா சொன்னா? மணியத்தான் சொல்றேன்."

என் செருப்பைத் தெருமுனையிலேயே கழற்ற வேண்டும். தும்மல் வந்தால் எருமைகளை அடைக்கும் பட்டி வரை ஓட வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் என் முதலாளியின் மனைவி பட்டும் பரிவாரமுமாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். அக்கா வாசலை மறித்தார்.

"உஸ்! பச்ச உடம்புக்காரி இப்பதான் கண்ண மூடுனா."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. மெதுவா சொல்லுங்க."

என் வேலை போயிற்று என்று கதவுக்குப் பின்னால் பதுங்கினேன். முதலாளியம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, ரகசியம்போலக் கேட்டார்: "என் மகளுக்கு மாசி மாசம் பிரசவம். வருவீங்களா?"

உள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பார்வதி விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்! பிள்ளை பெற்றபின் அவள் சிரித்தது அன்றுதான். "அக்கா, பசிக்குது" என்றாள்.

அக்கா அடுப்படிக்கு ஓடிய வேகத்தில் செம்புக்குடம் உருண்டு வீடே அதிர்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

அடுத்த பிள்ளை உண்டானதும், நாகப்பட்டினத்துக்குக்கூடச் சொல்லாமல் நாங்கள் இருவரும் முதலில் போய் நின்றது அக்கா வீட்டு வாசலில்தான்.