ஸ்ட்ராபெரி வயலில் நின்ற இந்தியாப் பிள்ளை

முழுப் பொய் சொல்லுகிறவனைக்கூட நம்பலாம். தான் ஒரு பொய்யன் என்பது அவனுக்குத் தெரியும். அரைப் பொய் சொல்லுகிறவனைத்தான் கிட்டவும் சேர்க்கக் கூடாது. அவன் தன்னை உத்தமன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். இருபத்தைந்து வயதில் நான் அப்படியொரு உத்தமன்.

ஒஸ்லோவில் பொறியியல் படித்து முடித்துவிட்டு, ஒரு வருடமாக வேலையில்லாமல் அந்த நகரத்தின் ஓரத்தில், வெஸ்ட்லியில், பெற்றோர் வீட்டுச் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் கோப்பைப் பார்த்தவர் ரக்ன்ஹில்ட் என்ற பெண்மணி. என்ன மாதிரியான வேலை விருப்பம் என்று கேட்டார். பணிவாக இருப்போமே என்று "எதுவும் செய்வேன்" என்றேன். நம்மவர்கள் அப்படிச் சொன்னால், "நல்லதாகப் பார்த்துத் தாருங்கள், வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருக்கிறது" என்று பொருள். ரக்ன்ஹில்ட் அதை அப்படியே கணினியில் பதிந்துகொண்டார்.

இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு பண்ணை, ஸ்ட்ராபெரி ஆய்ந்து பறிக்க ஆள் தேவை, ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம். வியட்நாமிலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் பருவகால வேலைக்கு வருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தம், வரி அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கான படிவங்களை மதிய இடைவேளையில் நிரப்பிக் கொடுக்க நோர்வேஜிய மொழி தெரிந்த ஒருவர் இருந்தால் அலுவலகத்துக்கும் உதவி.

"நான் பொறியியலாளர்" என்றேன்.

"தெரியும். நீங்கள் எதுவும் செய்வேன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்" என்றார். அவர் குரலில் துளி நக்கலும் இல்லை. அதுதான் என்னை மடக்கியது.

அன்று மாலை வீட்டில் இப்படிச் சொன்னேன்: "வெளிநாட்டிலயிருந்து வாற தோட்டத் தொழிலாளருக்கு உதவி செய்யிற வேலை. வேலைவாய்ப்பு அலுவலகம் தந்தது." கவனியுங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பழம் ஆய்வது என்ற சின்னச் சங்கதியை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்பா இருபத்தெட்டு வருடம் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவியவர். பிள்ளையின் கை தண்ணீரிலும் மண்ணிலும் ஊறக் கூடாது என்பது மட்டுமே அவருடைய அரசியல், பொருளாதாரம் எல்லாம். அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும், அம்மாவை விடியவே எழுப்பிச் சுடச் செய்த ரோல்ஸ் பலகாரத்தைக் கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் நீட்டினார். "மகனுக்கு அரசாங்க வேலை. அலுவலகத்திலை இருந்து பாக்கிற வேலை" என்றார். ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதற்குப் பிறகு நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

ஆகவே ஒவ்வொரு காலையும் இஸ்திரி போட்ட சட்டையோடு வெஸ்ட்லியில் மெட்ரோ ஏறி, நகரத்தில் ரயில் மாறி, லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையக் கழிப்பறையில் பழைய காற்சட்டைக்கு மாறி, பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போனேன். விரல் ஏன் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டபோது பிரிண்டர் மை என்றேன். சனிக்கிழமையும் வேலை இருந்ததால், சீசன் காலத்தில் அலுவலகம் சனிக்கிழமையும் திறந்திருக்கும் என்று அளந்தேன். (நோர்வேயில், கோடைக்காலத்தில், சனிக்கிழமை திறந்திருக்கும் அரச அலுவலகம். அதையும் நம்பினார்கள். பாசம் அப்படி.)

நாலாவது கிழமை, சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பண்ணை வாசலில் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. அந்தப் பண்ணையின் ஒரு பக்கத்தை, மக்கள் தாங்களே ஆய்ந்துகொண்டு போவதற்கென்று விட்டிருந்தார்கள். வயலில் நின்று எவ்வளவு தின்றாலும் கேள்வி இல்லை. வாளியில் கொண்டுபோவதற்கு மட்டும்தான் விலை. பஸ் கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் எங்கள் கோயில் பாடகர் குழுவின் தலைவர். மூன்றாவதாக அப்பா. நாலாவதாக அம்மா, தோளில் சாப்பாட்டுப் பையோடு.

கோயில் ஆட்கள் பழம் ஆயப் போகிறார்கள், நீயும் வா என்று அம்மா முதல் நாளே கேட்டிருந்தார். வேலை என்று சொன்ன நான், எந்தப் பண்ணை என்று கேட்கவில்லை. உலகத்தில் ஸ்ட்ராபெரிப் பண்ணை ஒன்றே ஒன்றுதான், அதில் நான் மட்டும்தான் என்று நினைத்திருப்பேன் போலும். அப்படியே இரண்டு வரிசைகளுக்கு நடுவில், வைக்கோல் மேல் குப்புறப் படுத்துவிட்டேன்.

பக்கத்து வரிசையில் ஆய்ந்துகொண்டிருந்தவர் லான் என்ற வியட்நாமியப் பெண். நான் செத்துவிட்டேனோ என்று காலால் தட்டிப் பார்த்தார். "அம்மா, அப்பா" என்று பஸ்ஸைக் காட்டினேன். வெயிலுக்கு அவர் போட்டிருந்த தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அதில் கண்ணுக்குக் கீழே முழுவதையும் மூடுகிற துணியும் உண்டு. மஞ்சளில் நீலப் பூப் போட்ட துணி.

அந்தக் கோலத்தில் ஆறு மணிவரை படுத்திருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் எங்கள் ஆட்கள் வயலில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே வரிசைக்கு வரிசை தாண்டத் தொடங்கினார்கள். பாதிப் பேர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருவர் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த டப்பாவைத் திறந்தார். பழத்தைத் தொட்டுத் தின்னும் வேலை கூட்டமாக ஆரம்பித்தது. பண்ணைக்காரர் ஓலாவின் முகத்தைப் பார்த்தேன். தன் ஆயுளில் அவர் அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை.

"இஞ்சினியர்" என்று கத்தினார். பண்ணையில் என் பட்டப்பெயர் அது. "இங்கே வா. இவர்கள் உன்னுடைய மொழி போலத் தெரிகிறது. வரிசை தாண்ட வேண்டாம் என்று சொல்லு."

வேறு வழியில்லை. பூத்தொப்பியும் முகமூடியுமாக நாற்பது பேருக்கு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தால் யாழ்ப்பாணத் தமிழ். அம்மா உடனே பிடித்துவிடுவார். அப்போது என் மூளையில் (இருந்தால்) ஓர் ஒளி. சினிமாவில் கேட்ட இந்தியத் தமிழை எடுத்துவிட்டேன்.

"வணக்கமுங்க. எல்லாரும் இந்தப் பக்கமா நில்லுங்க. வரிசையத் தாண்டாதீங்கங்க. செடி செத்துப் போயிடுமுங்க."

எங்கே ஒன்று போட வேண்டும், எங்கே இரண்டு என்று தெரியாமல் 'ங்க'வை உப்பைப் போல எல்லாவற்றிலும் தூவினேன். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் போலீசுக்குச் சொல்லியிருப்பார். எங்கள் ஆட்களோ ஒருவரையொருவர் பார்த்து, "இந்தியாப் பிள்ளை" என்று தலையசைத்துக்கொண்டார்கள்.

தப்பித்தேன் என்று திரும்பினால், பின்னால் அப்பா நின்றார்.

"தம்பி, அவர் உங்களை இஞ்சினியர் எண்டு கூப்பிட்டவர். இஞ்சினியருக்கோ படிச்சனீங்கள்?"

"ஆமாங்க."

"என்ரை மகனும் அதுதான். அவன் இப்ப வேலைவாய்ப்பு அலுவலகத்திலை." என் சிவந்த விரல்களைப் பார்த்தார். "உங்கடை அப்பாவுக்குத் தெரியுமோ, நீங்கள் இந்த வேலை செய்யிறது?"

"தெரியாதுங்க."

"சொல்லாதையுங்கோ. பாவம் மனுசன், தாங்கமாட்டார்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். என் அப்பாவே என்னிடம் வந்து, அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட அவமானம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

அப்பா வாளியோடு நாலு வரிசை தள்ளிப் போய் முதுகைக் காட்டிக் குனிந்தார். அம்மா வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி பயப்பிடாதையுங்கோ. எங்கடை மகன் அந்த அலுவலகத்திலை பெரிய ஆள். அவனுக்குக் கீழை நாலைஞ்சு பேர் வேலை செய்யினம்." (எனக்கே தெரியாத பதவி உயர்வு.) "உங்களைப் போல ஆக்களுக்கு உதவி செய்யிறதுதான் அவன்ரை வேலை. நில்லுங்கோ, இப்பவே கதைக்கிறன்."

நான் வேண்டாமுங்க என்று சொல்லி முடிக்கவில்லை. அம்மா தொலைபேசியை எடுத்து அழுத்திவிட்டார்.

என் காற்சட்டைப் பையில் மணி அடித்தது.

அசையாமல் நின்றேன். அம்மாவும் அசையவில்லை. காதில் தொலைபேசியை வைத்தபடி என் பையைப் பார்த்தார், பிறகு துணிக்கு மேலே தெரிந்த என் கண்களைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆற்றை போன் அடிக்குது?" என்று திரும்பாமலே கேட்டார் அப்பா.

"இந்தத் தம்பியின்ரை" என்றார் அம்மா. பிறகு தன்னுடையதை நிறுத்தினார். என்னுடையதும் நின்றது. "மகன் எடுக்கேல்லை. வேலையிலை நிக்கிறான்."

கத்துவார், அழுவார், காதைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அம்மா கிட்ட வந்து, கொஞ்சம் கீழே இறங்கியிருந்த துணியை என் மூக்குக்கு மேல் இழுத்துவிட்டார். பையிலிருந்து சோற்றுப் பார்சலை எடுத்து என் கையில் வைத்தார்.

"வெயிலுக்கை நிக்கிறீங்கள். வடிவாச் சாப்பிடுங்கோ, தம்பி."

நான்தான் என்று தெரிந்தும் பெற்ற தாய் என்னை 'நீங்கள்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. லானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே அந்தச் சோற்றைத் தின்றேன். மீன் பொரியல் இருந்தது. அதையும் விடவில்லை.

அன்று மாலை இஸ்திரிச் சட்டையோடு வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பாட்டு மேசையில் இந்தியாப் பிள்ளையின் கதையைச் சொன்னார். நல்ல மரியாதையான பிள்ளையாம், தமிழ்தான் ஒரு மாதிரியாம்.

"அவனுக்கு ஏதும் செய்யேலாதோ, தம்பி?" என்று என்னைக் கேட்டார் அம்மா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பாக்கிறன் அம்மா."

அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் சோறு போடும்போது, அந்தப் பிள்ளையின் விஷயம் என்னாச்சு என்று கேட்பார். அப்பாவும் கூடவே, "ஓமடா, அதைக் கவனி" என்பார். ஸ்ட்ராபெரி முடிந்து, ராஸ்பெரி முடிந்து, இலையுதிர் காலம் வந்தும் அந்த விசாரணை முடியவில்லை. நான் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதித் தள்ளினேன். ஒரு பொறியியல் நிறுவனமும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ரக்ன்ஹில்ட்தான் கூப்பிட்டார். பருவகாலத் தொழிலாளருக்கு வழிகாட்டுகிற பிரிவில் ஓர் இடம் இருக்கிறது, படிவமும் தெரிந்து வயலும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். பண்ணையில் நான் நிரப்பிய படிவங்களில் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வரவில்லையாம்.

அன்றிரவு அம்மா கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

"அம்மா, அந்த இந்தியாப் பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது."

அகப்பை அப்படியே நின்றது. "எங்கை?"

"வேலைவாய்ப்பு அலுவலகத்திலை."

அம்மா சட்டென்று திரும்பி அடுப்பைத் துடைத்தார். அது ஏற்கனவே துடைத்த அடுப்பு. "நல்லது" என்றார். "நீயும் அங்கைதானே. ஆளுக்காள் துணை."

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். அதற்குள் அவர் எந்தக் கல்யாண வீட்டிலாவது, வயலில் கிடந்த ஒரு இந்தியாப் பிள்ளையைத் தன் மகன் தூக்கிவிட்ட கதையைப் பத்துப் பேருக்குச் சொல்லிவிடுகிறார். அந்தப் பத்துப் பேரும் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சாப்பாட்டில் உட்காரும்போது அவருக்கு ஒரே குறைதான்.

"அந்தப் பிள்ளையை ஒரு நாளாவது வீட்டை கூட்டிக்கொண்டு வரமாட்டியாடா? தனிய எங்கை கிடந்து சாப்பிடுறானோ."

அம்மா என் சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைப்பார்.

"நீங்கள் யோசிக்காதையுங்கோ" என்பார். "அவன் வயிறாரச் சாப்பிடுறான்."