அட்வான்ஸ் வாங்கப் போய்ப் பெண் பார்த்த கதை

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கென்று ஒரு முகம் வேண்டும். எனக்கு அது அமையவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுக்கும் பாக்கிச் சில்லறையைக்கூட, அவருக்கு என்ன கஷ்டமோ என்று விட்டுவிட்டு இறங்கிப் போகிற ஆள் நான். (என் மனைவி கலா இதைப் பெருந்தன்மை என்று சொல்வதில்லை. வேறொரு சொல் வைத்திருக்கிறாள்.)

அப்படிப்பட்டவன் ராமேஸ்வரம் போக ஒரு வேன் பேசி, மூவாயிரம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மச்சான் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. பயணம் ரத்து. "ஒரு வாரம் முன்னாடி சொன்னீங்கன்னா முழுசா திருப்பிக் கொடுத்துடுவேன் சார்" என்று தில்லை நகர் டிராவல்ஸ்காரர் செல்வம் முதலிலேயே சொல்லியிருந்தார். கொடுக்கத்தான் இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து நான் ஸ்கூட்டரில் பாலம் தாண்டிப் போவதும், அவர் டீ வாங்கிக் கொடுப்பதும், "உங்க காசு எங்க சார் போயிடப் போவுது" என்று வழியனுப்புவதுமாக ஒரு மாதம் ஓடியது. டீ நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கலா சொல்லிவிட்டாள். "இன்னிக்கும் வாங்காம வந்தீங்கன்னா அடுத்த தடவை நான் போறேன்." இதைவிட மானக்கேடு உண்டா? வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

நான் பேசிய அதே வேன் கடை வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. "கரெக்டா வந்தீங்க சார்" என்றார் செல்வம். "வண்டி மணப்பாறைக்குப் போவுது. முடிஞ்சதும் பார்ட்டி மிச்சப் பணத்தை டிரைவர்கிட்ட கொடுத்துடுவாங்க. நீங்களும் கூடவே போயிட்டு வாங்க. கையோட வாங்கிக்கலாம்."

இதற்கு ஏன் தலையாட்டினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேன் நின்றது. பட்டுப்புடவையும் மல்லிகையுமாக ஒரு குடும்பம் ஏறியது. பையனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பையனின் அம்மா வழி ஆட்கள் நான் அப்பா வழி என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா வழி ஆட்கள் அம்மா வழி என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மணப்பாறையில் இறங்கும்போது ஓர் அம்மாள் பூ, பழத் தட்டை என் கையில் கொடுத்து, "நீங்க முன்னாடி போங்கண்ணே" என்றார். தட்டை எங்கே வைப்பது? கொண்டு போனேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. (சாப்பிடாவிட்டால் பெண் வீட்டார் தப்பாக நினைப்பார்களே என்றுதான் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டுக்கு இந்தக் காரணம் செல்லாது.)

கை கழுவப் போனபோது பெண்ணின் அப்பா பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்தி, "பையன் எப்படிங்க? எங்களுக்கு ஒரே பொண்ணு. மறைக்காம சொல்லுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எனக்கு ஒரு மூவாயிரம் வரணும். இன்னிக்கு இவங்ககிட்டேருந்து வந்துடும்னாங்க. அதான் வண்டியிலயே ஏறி வந்துட்டேன்."

இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் அவர் முகம் வெளுத்துப் போனது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கிசுகிசுப்பு கிளம்பியது. வர வேண்டிய காபி வரவில்லை. பெண்ணும் வரவில்லை. அவள் அப்பா மட்டும் வந்து, "ஜாதகத்தை இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றோங்க" என்றார்.

பையனின் அப்பா விடவில்லை. "என்ன ஆச்சு? எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க."

"கடன்காரர் வண்டியிலயே ஏறி வர்ற அளவுக்கு நிலைமை இருக்குன்னா, நாங்களும் யோசிக்கணும்ல?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"இவர் உங்க சித்தப்பா மகன் இல்லையா?" என்று பையனின் அம்மா கணவரைக் கேட்டார்.

"உங்க ஊர்ப் பக்கம்னுல்ல நான் நினைச்சேன்" என்றார் அவர்.

மாப்பிள்ளைப் பையன் அழுதுவிடுவான் போலிருந்தது. என்னை அப்போதே மணப்பாறை மாட்டுச் சந்தையில் கொண்டுபோய்க் கட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் என்னால் ஒரு கல்யாணம் கெட்டுப்போகக் கூடாது. எழுந்து நின்று, ராமேஸ்வரம், அம்மை, அட்வான்ஸ், ஒரு மாத டீ, காலையில் கலா விட்ட மிரட்டல் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். யாரும் நம்பவில்லை. டிரைவர் பாலுவைக் கூப்பிட்டார்கள்.

"நெசந்தாங்க" என்று வாசற்படியில் நின்று சாட்சி சொன்னார் பாலு. "இவருக்குக் கேக்கத் தெரியலைங்க. எங்க முதலாளி டீ கொடுத்தே அனுப்பிடுவாரு."

உள்ளே யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பெண்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பையனும் சிரித்துவிட்டான். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்தான். பெண் சிரிப்பு மாறாமலே காபி கொண்டு வந்து, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

பையனின் அப்பா ரோஷக்காரர். வேன் பணத்தை அங்கேயே, எல்லோர் முன்னாலும் பாலுவிடம் கொடுத்தார். பாலு முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அதிலிருந்து மூவாயிரத்தை என்னிடம் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக்கங்க" என்றார் பெண்ணின் அப்பா. எண்ண எனக்கு முகமில்லை. வழியில் முறுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கலா முன்னால் நோட்டுகளை விசிறி போல விரித்துக் காட்டினேன்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். இரு வீட்டாரும் எங்களுக்குப் பத்திரிகை வைத்தார்கள். மொய் எழுத ஐந்நூறு ரூபாய் போதும் என்று கலா கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் மொய் மேசைக்கு என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனவர் பெண்ணின் அப்பா. "இவர் வந்ததாலதான் இந்தக் கல்யாணமே நடக்குது" என்று அங்கே அறிமுகம் வேறு. அதற்குப் பிறகு ஐந்நூறு என்று சொல்வதற்கும் ஒரு முகம் வேண்டும்.

"மூவாயிரம்" என்றேன். கலா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள்.

வைத்த மொய் நம் வீட்டு விசேஷத்தில்தான் திரும்பி வரும். எங்கள் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. மச்சான் வரும்போதெல்லாம், "அந்த அட்வான்ஸ் என்னதான் ஆச்சு?" என்று வேண்டுமென்றே கேட்பார். "என் கல்யாணத்துக்கு வந்துடும் மாமா" என்று அவளே பதில் சொல்லிவிடுகிறாள். அந்தக் கல்யாணத்துக்கு வேன் பேச மட்டும் என்னை அனுப்புவதில்லை என்று வீட்டில் ஏகமனதாக முடிவாகியிருக்கிறது.