லாசருக்குப் பிடிக்காத போர்வை

“பூவெல்லாம் ஒரே பக்கம் பாக்குதாமா!”

சௌந்திரம் செல்போனைக் கட்டிலில் வீசினாள். கணவன் மணியன் அதை மெதுவாக எடுத்துப் பார்த்தான். சேலத்து லாசர் நான்காவது முறையாகப் போர்வையை ரிட்டன் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார். காரணம் என்ற கட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பள்ளிபாளையம் தறிக்காரர்களிடம் போர்வை எடுத்து ஆன்லைனில் விற்கிறாள் சௌந்திரம். எட்டு மாதமாக நல்ல பெயர். அப்புறம்தான் லாசர் வந்து சேர்ந்தார். முதல் போர்வை, ‘பச்சை கேட்டேன், கிளிப்பச்சை வந்திருக்கிறது’ என்று திரும்பியது. இரண்டாவது காலையும் சேர்த்து மூடுகிறதாம். மூன்றாவதில் புதுத்துணி வாசனை அடிக்கிறதாம்.

“புதுத்துணியில வேறென்ன, மீன் கொழம்பு வாசனையா அடிக்கும்?” என்று அன்றைக்கே கத்தினாள்.

பார்சலுக்குள் நம் நம்பரை வைத்தால், குறை இருப்பவர்கள் ரிட்டன் போடாமல் போனில் சொல்வார்கள் என்று யோசனை கொடுத்தவன் மணியன். லாசர் போனிலும் சொன்னார், ரிட்டனும் போட்டார்.

“ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்களா? மண்டைக்குள்ள மூளை இருக்குதுங்களா, இல்லீங்களா?”

எவ்வளவு கோபம் வந்தாலும் அவள் வாயிலிருந்து ‘ங்க’ மட்டும் போகாது. மறுமுனையில், “சரிம்மா, சரிம்மா” என்று மட்டும் கேட்கும். மறுநாளே அவரிடமிருந்து புது ஆர்டர் வரும்.

“நீ திட்டித் திட்டித்தான் அவரு வீம்பு பண்றாரு. நான் தன்மையாப் பேசறேன் பாரு,” என்றான் மணியன்.

பேசினான். “ஐயா, உங்க மனசு நோகாம நடந்துக்கறோமுங்க. எங்க மேலதானுங்க தப்பு,” என்று குழைந்தான். பத்து நிமிடத்தில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. கீழே, ‘சேவை முன்பு போல இல்லை’ என்று ஒரு வரி.

“இதுதான் உங்க தன்மையா?” என்று பல்லைக் கடித்த சௌந்திரம், லாசர் போட்டிருந்த ஐந்தாவது ஆர்டரைத் தானே ரத்து செய்தாள். ஆன்லைன் கடையை நடத்தும் கம்பெனியிலிருந்து உடனே மெயில் வந்தது. காரணமின்றி ஆர்டரை ரத்து செய்தது தவறு. இன்னொரு புகார் வந்தால் கடை முடக்கப்படும். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வீட்டில் படுக்க இடமில்லாமல் போர்வை அடுக்கியிருந்தது.

“கெளம்புங்க.”

“எங்க?”

“சேலத்துக்கு. அந்த மனுசன் மூஞ்சிய நான் பாக்கோணும்.”

பஸ்ஸில் சங்ககிரி வரைக்கும் லாசரைத் திட்டினாள். அதற்கப்புறம், நம்பர் வைக்கச் சொன்ன மணியனைத் திட்டினாள். கண்டக்டர் அந்தப் பக்கமே வரவில்லை.

பார்சலில் ஒட்டிய விலாசத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். ஒல்லியான தேகம், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை.

“நீங்கதானுங்களா லாசரு?”

“ஆமாம்மா.”

“நான் போர்வைக்காரி!” சௌந்திரம் ஆரம்பித்துவிட்டாள். “பூவு அந்தப் பக்கம் பாத்தா உங்களுக்கென்ன, இந்தப் பக்கம் பாத்தா உங்களுக்கென்னங்க? தூங்கறதுக்கு வாங்கறீங்களா, பூவுக்குப் பொண்ணு பாக்க வாங்கறீங்களா? எங்க பொழப்பக் கெடுக்கறதுக்குன்னே பொறந்தீங்களா? வயசானா அறிவு வளரோணுங்க, தேயக் கூடாதுங்க!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மணியன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். லாசர் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

“சிரிக்கறீங்களா? வெக்கமா இல்லீங்களா? முதல்ல அந்தச் சட்டையத் தொவைங்க, காலர்ல அழுக்கு!”

லாசர் காலரைத் தொட்டுப் பார்த்தார். “இதோ மாத்திட்டு வர்றேம்மா,” என்று வேகமாக உள்ளே போனார்.

அப்போது உள்ளிருந்து ஓடி வந்த அவர் மருமகள் ஜெனிட்டா, சௌந்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

“இருந்து இன்னும் கொஞ்ச நேரம் திட்டிட்டுப் போங்கக்கா. எங்க அத்தை தவறிப்போனதுக்கப்புறம், நீங்க திட்டுற அன்னைக்குத்தான் மாமா ஒழுங்காச் சாப்பிடுறாரு.”