பொத்தான் இல்லாத முழங்கால்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், நலமில்லை என்று எழுதினால் நீ சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிடுவாய். அதனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். உன் மனைவியின் இடுப்பு வலியும் உங்கள் மாடிக் குழாய் ஒழுகலும் இப்போது தேவலை என்று நம்புகிறேன்.

விஷயம் உன் பிள்ளையைப் பற்றியது. உன் மச்சான் போன பிறகு இஸ்திரிக் கடையை நான் ஒருத்தியாகத்தான் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நாள் முழுக்க நின்று தேய்த்ததில் வலது முழங்கால் வீங்கிப்போய், மாடிப்படி இறங்கும்போது சட்டென்று மாட்டிக்கொள்கிறது. முன்பு அவர் ஒரு படி கீழே நிற்பார், தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். சுவர் நல்லதுதான், ஆனால் "மெதுவா, மெதுவா" என்று சொல்லாது. மூட்டு ஆபரேஷனுக்குப் படிக்கிற உன் பிள்ளை படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, ஜவ்வு கிழிஞ்சிருக்கு. சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமரா, ஒண்ணுல கருவி, அவ்வளவுதான். பெரிய டாக்டர் பக்கத்துல இருப்பாரு, நானே பண்ணிடறேன்" என்றான். பால் பாக்கெட்டை வெட்டுகிற மாதிரி சொல்கிறான். "இதுவரைக்கும் எத்தனை பேருக்குடா பண்ணியிருக்கே?" என்றேன். "மெஷின்ல நிறைய பண்ணியிருக்கேன்" என்றான். மெஷினுக்கு எப்போதடா முழங்கால் வந்தது என்று கேட்டதற்குத்தான் என்னை அவன் பயிற்சி எடுக்கிற அறைக்குக் கூட்டிப்போனான்.

தம்பி, அங்கே மேஜைமேல் ஒரு ரப்பர் கால், உடம்பே இல்லாமல் தனியாக மடங்கி உட்கார்ந்திருக்கிறது. அதில் இரண்டு ஓட்டை, இரண்டு குச்சி. என் கண்ணில் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டிவிட்டான். மாட்டினதுதான் தாமதம், நான் ஆபரேஷன் அறைக்குள் நிற்கிறேன்! எதிரே யாரையோ பச்சைத் துணியால் போர்த்திப் படுக்கவைத்திருக்கிறார்கள், முழங்கால் மட்டும் வெளியே தெரிகிறது. "யாருடா இவரு? வீட்டுக்காரங்க வெளியில நிக்கிறாங்களா?" என்றேன். "அத்தை, அது ஆளே இல்ல, கம்ப்யூட்டர்" என்றான். ஆளே இல்லாததற்கு எதற்குப் போர்வை என்று நான் கேட்கவில்லை, படித்தவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும். குச்சியை உள்ளே விட்டால் மூட்டுக்குள் எல்லாம் வெள்ளைவெளேரென்று தெரிகிறது. நடுவில் ஜவ்வு மட்டும் ஓரம் நைந்து, கசங்கி, மடிந்து கிடந்தது. கசங்கினதைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? இஸ்திரிப்பெட்டியை இழுக்கிற மாதிரி குச்சியை அழுத்தி ஒரே இழுப்பு இழுத்துவிட்டேன். அது எதிர்த்துத் தள்ளியது, துணி முரண்டு பிடிக்கிறதென்று இன்னும் அழுத்தினேன். சிவப்பு விளக்கும் அலறலுமாக அறையே ரகளை. பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா ஓடிவந்து, "அம்மா, எலும்பு மேல இருக்கற வழவழப்பையே சுரண்டிட்டீங்களே!" என்றார். "ஐயோ, அவருக்கு மூச்சு இருக்கா பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

உன் பிள்ளை சிரிக்கிறான். ஒரு பொத்தானை அமுக்கினான். முழங்கால் புத்தம் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. "பாத்தீங்களா அத்தை? ஒண்ணுமே ஆகல. கெடுத்துட்டா அழிச்சிட்டுத் திரும்பப் பண்ணலாம்."

உன் மச்சானைப் படுக்கவைத்திருந்த அறையிலும் மெஷினுக்குக் குறைச்சல் இல்லை. ஆள் மாற்றி ஆள் வந்து அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். "இந்தப் பொத்தான் மட்டும் அங்க இல்லையாடா?" என்றேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரம்மா தரையில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு பேச்சை மாற்ற எனக்கு மார்க் காட்டினான். நூற்றுக்கு ஏழு. "முதல் நாள் எனக்கு நாலுதான் அத்தை" என்று ஆறுதல் வேறு. இப்போது எவ்வளவு என்றேன். "தொண்ணூத்தி ஒண்ணு" என்று நெஞ்சை நிமிர்த்தினான். "மிச்சம் ஒம்பது யாரோட காலுடா?" என்றேன். அவன் அந்தக் கண் பெட்டியை எடுத்துத் துடைக்கிறான். பெற்றவன் நீயாவது பதில் சொல்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். என் முழங்காலுக்குப் பொத்தான் கிடையாது, அதை யாருக்கும் தருவதாக இல்லை. கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே தேய்த்துக்கொள்கிறேன். நொண்டினாலும் என் கால், என் நொண்டல். நீ அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடு, பிள்ளை மனசு நோகக்கூடாது.

உன் வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல், உன் பிள்ளை மட்டும் தினமும் மிதித்துக்கொண்டு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் படியில் முழங்கால் மறுபடி மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். நாளைக் காலையில் ஆபரேஷன், கையெழுத்தும் போட்டாயிற்று. "பயமா இருந்தா நானே பண்றேம்மா" என்று பெரிய டாக்டர் சொன்னார். தங்கமான மனிதர், கைராசிக்காரராம். வேண்டாங்க ஐயா, நீங்க பக்கத்துல நில்லுங்க, இவனே பண்ணட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் மச்சான் போன அன்றைக்கு யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியாமல் வராண்டாவில் நின்றேன். எல்லோரும் முகம் தெரியாதவர்கள், வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவன் கெடுத்தால் எங்கே போய்விடுவான்? ஆயுசுக்கும் உட்காரவைத்துத் திட்டலாம். ஆபரேஷனுக்கு வந்து சேர முடியாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். நான் திட்டும்போது அவன் பக்கம் பேச ஆள் வேண்டும்.