லாச்சியம்மா செய்த மேசை

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் லாச்சியம்மாவைப் போல ஒரு பிடிவாதக்காரி பிறந்ததில்லை. ஆடு மாடுகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கேட்டாலும் என் பதில் இதுதான்.

அந்த ஊர்களில் ஒன்றான தோணிரேவில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. நான் ஏரியில் வலை போடுகிறவன், அவள் மருத்துவச்சி. அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. எனக்கு அக்கா. அந்த மேசைக்குப் பிறகு ஊருக்கே லாச்சியம்மா.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். அங்கே ஒரு துரையின் பெண்டாட்டிக்கு வலி கண்டு அக்காவைக் கூட்டிப் போனார்கள். மறுநாள் திரும்பி வந்தாள். ஆணா பெண்ணா என்று தெருவே கேட்டது. அவள் பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஒரு மேசை கீது தம்பி. அது வயித்துல ஒரு பொட்டி. இழுத்தா வருது, தள்ளுனா உள்ள போய் உக்காந்துக்குது. லாச்சின்னு சொல்றாங்க. அந்தம்மா ஊசி, நூலு, கத்திரி எல்லாம் அதுலதான் வெச்சிருக்குது. ஒண்ணு காணாமப் போறதில்ல."

அவளுடைய ஏக்கத்துக்குக் காரணம் இருந்தது. பிரசவச் சாமான்களை அவள் ஒரு ஓலைக்கூடையில் வைத்திருந்தாள். ஒருமுறை பிள்ளை பிறந்த வீட்டில் கூடையைத் திறந்தால், கத்தி இருந்த இடத்தில் ஒரு கோழிமுட்டை இருந்தது. கத்தி எங்கள் வீட்டில் நண்டு வெட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போனது யார் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன்.

படகு செய்யும் ஆசாரியிடம் போய்க் கேட்டாள். அவர் சிரித்தார்.

"உனக்கு இன்னாத்துக்குக்கா மேசை? கோட்டையில கணக்கெழுதப் போறியா?"

"நீ செய்ய வேணாம். உளியும் ரம்பமும் குடு, போதும்."

மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்துக் கொடுத்தார். பாவம், மூன்று மாதம் தன் உளியைப் பார்க்க அவர் எங்கள் தெருவுக்கு வந்து போனார்.

உடைந்த படகின் பலகைகளில் மேசையின் மேல்பாகம் வந்தது. கால்களும் வந்தன. லாச்சிக்குப் பலகை போதவில்லை. ஒருநாள் காலை பார்க்கிறேன், அக்கா வீட்டுக்குக் கதவு இல்லை.

"இன்னாக்கா, கதவ அறுத்துட்டியா?"

"உள்ள இன்னா கீது திருடறதுக்கு?"

"இனிமே மேசை இருக்குமே."

சற்று யோசித்தாள். "அதுக்கு நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் பழைய வலை ஒன்றைத் தொங்கவிட்டாள். அதில் முதலில் சிக்கியது எங்கள் வீட்டு ஆடு.

மேசை ஒரு பக்கம் ஆடியது. ஒரு காலை வெட்டினாள். மறுபக்கம் ஆடியது. அடுத்த காலை வெட்டினாள். ஆட்டம் நின்றபோது, மேசை சம்மணம் போட்டு உட்கார்ந்தவருக்குச் சரியாக இருந்தது. "எங்க வூட்ல நாற்காலி கெடையாது. அளவு பாத்துதான் வெட்னேன்" என்றாள், முகம் மாறாமல்.

முதல் லாச்சி உள்ளே போகவில்லை. இரண்டாவது போனது, பின்பக்கமாக விழுந்தது. மூன்றாவதைக் காய்ந்த திருக்கை மீன் தோலால் நாள் கணக்கில் தேய்த்து வழவழப்பாக்கினாள். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போன அன்று தெருவையே கூப்பிட்டாள். "தொட்டுப் பாக்கலாம். இழுக்கறது நான்தான்" என்று முன்கூட்டியே சட்டம் சொன்னாள்.

பிறகு மழை வந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் என் பெண்டாட்டிக்கு வலி எடுத்தது. நான் ஓடினேன். அக்கா லாச்சியை இழுத்தாள். வரவில்லை. நான் இழுத்தேன். மேசைதான் வந்தது. கத்தி, நூல், துணி எல்லாம் உள்ளே. மழையில் மரம் ஊதிவிட்டது. அடுத்த வீட்டில் என் பெண்டாட்டி அலறுவது கேட்டது.

நான் கோடாலி எடுத்து வந்தேன்.

"கோடாலியக் கீழ வை."

"அக்கா, அவ அங்க கத்தறா."

"மொதப் பிள்ள, இன்னும் நேரம் கீது. கத்தறது நல்லதுதான். நீ கத்தாத."

மேசைக்கு அடியில் கையை விட்டுக் கண்ணை மூடினாள். வயிற்றைத் தடவிப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பாளே, அதே முகம். "எடது பக்கம் முட்டிக்கினு கீது" என்றாள். விளக்கெண்ணெயை இடுக்கில் விட்டாள். அடியிலிருந்து ஒரு கையால் தூக்கி, இன்னொரு கையால் மெதுவாக ஆட்டி ஆட்டி இழுத்தாள். ஒரு விரல் அளவு வந்தது. பிறகு ஒரு சாண். பிறகு முழுதாக அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. கோடாலியோடு நான் அழுதுகொண்டிருந்தேன்.

மழை விடுவதற்கு முன்பே என் மகள் பிறந்துவிட்டாள்.

வெயில் வந்ததும் அக்கா ஆசாரியிடம் இழைப்புளியும் வாங்கிவந்தாள். லாச்சியின் இரண்டு பக்கமும் அரிசிக் கனத்துக்குச் சீவினாள். அடுத்த மழைக்காலத்தில் ஆசாரியே வந்தார், அது திறக்காது என்ற நம்பிக்கையோடு. ஒரு விரலால் இழுத்தார். வந்தது. தள்ளினார். போனது. பத்துத் தடவை இழுத்துத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"கோட்டையில ஒரு மேசை கேட்டிருக்காங்க. லாச்சி வெச்சது. நான் செஞ்சதில்ல" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீ ஒருவாட்டி வந்து பாக்கறியாக்கா?" என்றார்.

"வரேன். அந்த உளி எங்கிட்டதான் கீது, எடுத்துக்கினே வரேன்."

அவள் போனாள். ஆசாரி செய்த மேசை கோட்டைக்குள் போனது. அதன் லாச்சிக்கு அளவு சொன்னவள் எங்கள் தெருக்காரி என்பது துரைக்குத் தெரியாது. தோணிரேவுக்குத் தெரியும்.

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் கோட்டையைக் காட்டச் சொல்வார்கள். நான் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் கூட்டிப் போவேன். மேசையைக் காட்டி, "எங்க அக்கா செஞ்சது" என்பேன். என் தாய்க்கு நான் ஒரே பிள்ளை என்பதை அவர்களிடம் சொல்வதில்லை.