ஒன்பதாவது அத்தியாயம்

இனிமேல் யாருக்கும் தலை குனிவதில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தார். வாய் கொப்பளிக்கக் குனிந்ததைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எல்லாம் ஒரு புத்தகம் செய்த வேலை. தன் நிறத்தவர் யாரும் கதாநாயகனாக நிற்காத காலத்தில் திரையில் நின்று காட்டிய ஒரு கறுப்பின நடிகர், முதுமையில் எழுதிய தன் கதை. எது நேர்மை, எது ஆண்மை என்று பக்கத்துக்குப் பக்கம் தன்னையே விசாரிக்கிற புத்தகம். நான்காவது அத்தியாயத்தில் ஓர் இயக்குநர் அவரிடம், காட்சியில் முதலாளி திட்டும்போது குனிந்து சிரி என்கிறார். நடிகர் வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாள். ஆனாலும், திட்டினால் கேட்டுக்கொள்கிறேன், சிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செங்கல் சுமக்கப் போய்விடுகிறார். அந்த இடத்தில் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி நான்கு தடவை துடைத்தார். மங்கல் கண்ணாடியில் இல்லை.

அன்றே கடையில் ஆரம்பித்தார். வட்ட ஃப்ரேமைப் போட்டுப் பார்த்த ஒருவரிடம், வழக்கம்போல 'உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு' என்று சொல்லாமல், ஆந்தை மாதிரி இருக்கிறது என்றார். வந்தவர் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் நிமிர்ந்து நின்று வழியனுப்பினார்.

ஆனால் இதெல்லாம் ஒத்திகைதான். நாடகம் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை மச்சான் வருகிறார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். போன தடவை இரண்டு நாள் என்று வந்து இருபத்தாறு நாள் இருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டையே எழுப்பிக் கையைத் தூக்கச் சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்னறை ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. அந்த வீட்டில் கடைக்காரரின் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். சாயங்காலம் கடையிலிருந்து வந்து அதில் சாய்ந்தால்தான் முதுகுக்கு உயிர் வரும். மச்சான் இருந்த இருபத்தாறு நாளும் அதில் மச்சான்தான். இவர் சமையலறை முக்காலியில்.

புதன்கிழமை மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"உன் அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடு."

அவள் கை நிற்கவில்லை. "என்னங்க, கழுத்துப் பிடிச்சிருக்கா?"

"இது நேர்மை."

"எண்ணெய் தேய்ச்சா போயிடுமா?"

அவர் பொறுமையாக விளக்கினார். மனதில் இருப்பதுதான் வாயில் வர வேண்டும். வாயில் வந்ததை மாற்றக் கூடாது. அதுதான் ஆண்மை. அவள் தலையணை உறைகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டாள்.

"அப்ப ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்?"

"சொன்னதுதான்."

"யார்கிட்ட சொன்னாலும்?"

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். புதிதாகப் புத்தகம் படித்தவருக்கு நிறுத்தத் தெரியாது.

"உயிரே போனாலும்," என்றார்.

அவருடைய மனைவி பதினெட்டு வருஷமாக நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவள். சாட்சிகள் சொல்வதை ஒரு இருமல் விடாமல் பதிவு செய்து பழகியவள். கையிலிருந்த துண்டை மடியில் வைத்துவிட்டு, ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஆரம்பித்தாள்.

"போன வருஷம் மார்ச் ஆறாம் தேதி, சாயங்காலம் அஞ்சு இருபது. ரயில் நிலையத்துல அண்ணன்கிட்ட நீங்க சொன்னது. 'மச்சான், அடுத்த தடவை ஒரு மாசமாவது தங்கணும். அந்த நாற்காலி உங்களுக்குத்தான். நீங்க இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கும்.' கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க."

"அது... ரயில் கிளம்புற சந்தோஷத்துல சொன்னது."

"அப்ப பொய்யா?"

கடைக்காரர் யோசித்தார். ஆமாம் என்றால் நேர்மை போச்சு. இல்லை என்றால் நாற்காலி போச்சு.

"நாலாவது அத்தியாயத்துல அந்த நடிகர்..."

"ஒன்பதாவது வரைக்கும் படிங்க," என்றாள். "ஒரு சின்ன ஊர்ல, ஓட்டை மண்டபத்துல நாடகம் போடறேன்னு வாக்குக் கொடுத்திருப்பாரு. அதே நாள் பெரிய படத்துக்குக் கூப்பிடுவாங்க. படத்தை விட்டுட்டு அந்த மண்டபத்துக்குத்தான் போவாரு. மொத்தமே நாப்பது நாற்காலி. உங்ககிட்ட ஒண்ணுதானே கேக்குறோம்?"

அவருடைய முதுகு மெதுவாகப் பழைய வளைவுக்கு வந்தது.

"நீ எப்போ படிச்சே?"

"நான்தானே நூலகத்துல எடுத்தேன். அண்ணன் வர்றேன்னு சொன்ன அன்னைக்கு உங்க நாற்காலியில வெச்சேன்." துண்டை மறுபடி எடுத்தாள். "நல்ல புத்தகம். நாலாவதுல நானும் அழுதேன்."

சனிக்கிழமை மச்சான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர் வார்த்தை தவறாத ஆண்பிள்ளையாக முக்காலியில் உட்கார்ந்து கடைசி அத்தியாயம் வரை படித்து முடித்தார்.

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது முக்காலியின்மேல் வேறொரு புத்தகம் காத்திருந்தது. உலகப் புகழ் பெற்ற சமையல்காரர் ஒருவரின் சுயசரிதை. அதன்மேல், காற்றில் பக்கம் புரளாமல் இருப்பதற்காக, ஒரு கத்தியும் நான்கு வெங்காயமும்.