பீரோ கண்ணாடியும் என் இடது கையும்

நான் அன்பும் அதைவிட அதிகமாகப் பயமும் வைத்திருக்கும் என் வீட்டம்மாவுக்கு,

இங்கு நான் சௌக்கியம். அங்கு நீயும், மகளும், மாப்பிள்ளையும், பிறந்ததிலிருந்து எல்லோரையும் ஆட்டிவைக்கும் பேத்தியும் சௌக்கியம் என நம்புகிறேன். பேத்திக்குக் கழுத்து நிற்கும்வரை நீ அங்கேயே இருக்கலாம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் இடது கையை நானே பழக்கி வருகிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முறை பின்வருமாறு. மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, அதன் பின்னால் இடது கையை ஒளித்து, முன்னால் வலது கையை மடக்கி நீட்ட வேண்டும். பார்த்தால் இடது கையே அசைவதுபோல இருக்கும். "மூளையை ஏமாத்தணும் சார். அது நம்பிடுச்சுன்னா கை மெதுவா வரும்"னு பிசியோதெரபி பொண்ணு சொன்னா. காலமெல்லாம் பஸ் கண்ணாடியை நம்பிப் பிழைத்தவன் நான். உன்னைத்தான் ஒருநாளும் ஏமாத்த முடிஞ்சதில்லை, என் மூளையையாவது ஏமாத்துவோம்னு உட்கார்ந்தேன்.

ஷேவிங் கண்ணாடியில ரெண்டு விரல்தான் தெரிஞ்சுது. சரி, பீரோக் கதவுல இருக்கிற உன் கண்ணாடியைக் கழட்டலாம்னு ஒத்தைக் கையால திருப்புளியைத் திருப்பினா, கண்ணாடிக்குப் பதிலா கதவே கழண்டு, அதுக்குத் தோள் குடுக்கப் போய், மேல்தட்டுப் புடவை அத்தனையும் என் தலைமேல விழுந்துது. அடுக்கி வெச்சிடலாம்னுதான் தரையில உட்கார்ந்தேன். பழைய நீலப் புடவையில இன்னும் உன் வாசனை இருந்துது. அன்னிக்குப் பயிற்சி நடக்கலை. மறுநாள்தான் கண்ணாடி மேசைக்கு வந்துது.

அப்புறம் மோதிரம். வலது கையில மோதிரம் இருந்தா மூளை கண்டுபிடிச்சிடுமாம். சோப்புப் போட்டு உருவினேன், அது நேரா சிங்க் குழாய்க்குள்ள போயிடுச்சு. மாடி வீட்டுக்காரர்தான் குழாயைக் கழட்டி எடுத்துக் குடுத்தார். "அக்கா வர்ற வரைக்கும் நானே பத்திரமா வெச்சிருக்கட்டுமா?"ன்னு கேட்டார். குடுக்கலை.

மடங்கு, நீட்டு, இன்னும் கொஞ்சம்மான்னு கைகிட்ட சத்தமாப் பேசிக்கிட்டிருப்பேன். நான் போன்ல உன்கிட்டதான் பேசறேன்னு நினைச்சு, அவர் சம்சாரம், "அக்கா எப்படி இருக்காங்க?"ன்னு ஜன்னல் வழியா விசாரிச்சாங்க. "நல்லா இருக்கா"ன்னு சொல்லிட்டேன்.

நேத்து கண்ணாடிக்குள்ள பார்த்துக்கிட்டிருந்தப்போ, ரோடு தாண்டும்போது நீ பிடிக்கிற கை இதுதானேன்னு நினைப்பு வந்துது. பஸ் ஓட்டினவனே பஸ்ல அடிபட்டுடுவேன்ங்கிற மாதிரி இறுக்கிப் பிடிப்பே. அதை நினைச்சுக்கிட்டே வலது கையை மூடித் திறந்தேன். கண்ணாடிக்குப் பின்னால கட்டைவிரல் மேசையைச் சுரண்டற சத்தம் கேட்டுது. எட்டிப் பார்த்தேன். இன்னொரு தரமும் அசைஞ்சுது. மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார், அது ஆடாம அசங்காமக் கிடந்துது. "புது ஆளைப் பார்த்து வெக்கப்படுது போல"ன்னார். உடனே எழுந்து போகாம, கொஞ்ச நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார்.

ஆகவே இங்கு ஒரு குறையும் இல்லை. நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். பேத்திக்கு, அசையும் கையாலும் அசையப்போகும் கையாலும் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் ஓட்டுநர் (ஓய்வு)

பி.கு.: கிளம்ப வேண்டாம்னு எழுதினதை அடிச்சிடலாம்னு பார்த்தேன். அழுத்தினா காகிதம் நகர்ந்துக்கிட்டே போகுது, பிடிச்சுக்க இடது கை வரலை. நீயே அடிச்சுட்டுப் படி. கிளம்பி வா.